அம்பாசிடருக்கு மீட்டர் கேபிள் மாற்றுவது எப்படி: பழையது ஏன் அறுந்தது என்று முதலில் பாருங்கள்

பழைய காரில் ஸ்பீடோமீட்டர் முள் ஆடத் தொடங்கியதும் பலரும் செய்கிற முதல் காரியம், மீட்டரைக் கழற்றித் துணியில் சுற்றி ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோவது. பெரும்பாலும் அந்த மீட்டரில் ஒரு குறையும் இருக்காது. கோளாறு, கியர் பாக்ஸிலிருந்து மீட்டருக்கு வரும் கேபிளில் இருக்கும். சரி என்று கேபிளையும் மாற்றுவார்கள். கொஞ்ச நாளில் புதுசும் அறுந்துவிட்டது என்று வந்து நிற்பார்கள். மீட்டர் கேபிள் தானாக அறுவது அபூர்வம். ஏதோ ஒன்று அதை அறுக்கிறது. அது எது என்று கண்டுபிடிக்காமல் புதுசு வாங்கிப் போட்டால், புதுசும் அதே இடத்தில்தான் அறும்.

நான் பட்டறை வைத்திருந்தவன் இல்லை. திருநெல்வேலி ஜங்ஷனில் அம்பாசிடர் டாக்ஸி ஓட்டியவன். என் வண்டியை நானே பார்த்துக்கொண்டேன்; அப்புறம் ஸ்டாண்டில் நின்ற மற்ற வண்டிகளும் என்னிடம் வர ஆரம்பித்தன. எங்களுக்கு வாடகை என்பது கிலோமீட்டர் கணக்கு. குற்றாலம் சீசனில் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஐந்தருவி, பழைய குற்றாலம், செங்கோட்டை என்று சுற்றிவிட்டுத் திரும்பும்போது வழியில் மீட்டர் நின்றுபோனால், இறங்கும் இடத்தில் வாக்குவாதம்தான். "மீட்டரு ஓடலைன்னா எந்தக் கணக்குல ரூவா கேக்கீய அண்ணாச்சி?" என்றால் என்ன பதில் சொல்வது? ஆகவே வேகம் காட்டும் முள்ளைவிட, கிலோமீட்டர் புரளும் அந்தச் சின்ன எண் சக்கரங்கள்தான் எங்களுக்குச் சோறு. இரண்டையும் சுழற்றுவது ஒரே கம்பி.

முதலாளி வண்டியைச் சம்பளத்துக்கு ஓட்டுகிற டிரைவர்களில் சிலர் இந்தக் கம்பியை வேறு காரணத்துக்காகக் கழற்றி மாட்டுவதும் உண்டு. அதற்காகவே மீட்டர் நட்டின் மேல் பெயிண்ட் புள்ளி வைத்திருந்த முதலாளிகளைப் பார்த்திருக்கிறேன். பழைய கார் வாங்குகிறவர்கள் அந்த நட்டில் பிளேயர் கடித்த தடம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. ஓடிய கிலோமீட்டர் பற்றி விற்பவர் சொல்லாததை அது சொல்லிவிடும்.

கம்பி செய்கிற வேலை

கேபிளுக்குள் மின்சாரம் எதுவும் ஓடுவதில்லை. கறுப்பு உறைக்குள், அடுக்கடுக்காக எதிரெதிர்த் திசையில் முறுக்கிய எஃகுக் கம்பி ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். கடையில் உறையை அவுட்டர் என்றும் கம்பியை இன்னர் என்றும் கேளுங்கள். கம்பியின் இரண்டு முனையும் சதுரமாக இருக்கும். கீழ்முனை, கியர் பாக்ஸின் பின்பக்கத்தில் இருக்கும் மீட்டர் பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்தின் சதுரக் குழியில் உட்காருகிறது. அம்பாசிடர், பத்மினி, ஹெரால்டு எல்லாவற்றிலும் இப்படித்தான். மகேந்திரா ஜீப்பில் மட்டும் கியர் பாக்ஸில் தேடாதீர்கள். அதற்குப் பின்னால், முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் இருக்கும்.

மேல்முனை மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுற்றுகிறது. காந்தத்தைத் தொடாமல், அதை மூடினாற்போல் ஓர் அலுமினியக் கிண்ணம். காந்தம் சுற்றும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகிறது. கிண்ணமும் கூடவே திரும்பப் பார்க்கிறது. மெல்லிய சுருள்வில் அதைத் தடுத்துப் பிடிக்கிறது. வேகம் கூடக் கூடக் கிண்ணம் வில்லை மீறிக் கொஞ்சம் அதிகமாகத் திரும்பும். அதில் ஒட்டியிருப்பதுதான் முள். ஜெர்மனிக்காரர் ஓட்டோ ஷுல்ட்சே 1902-ல் காப்புரிமை வாங்கிய வழி இது. அதற்கப்புறம் பல பத்தாண்டுகள் கார்கள் இதை வைத்தே ஓடின. கிலோமீட்டர் எண்களுக்கு மட்டும் காந்தம் கிடையாது. அதே தண்டிலிருந்து பல்சக்கரங்கள் நேராகச் சுழற்றுகின்றன.

இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால், ஒரு திருகைக்கூடத் தொடாமல் பாதிக் கோளாறைக் கண்டுபிடித்துவிடலாம். முள்ளும் எண்ணும் சேர்ந்து நின்றுவிட்டால் கேபிள் அறுந்திருக்கிறது, அல்லது கீழே பினியன் தேய்ந்திருக்கிறது. எண் புரள்கிறது, முள் எழவில்லை என்றாலும், முள் எழுகிறது, எண் புரளவில்லை என்றாலும் கேபிள்மேல் பழி போட வேண்டாம். அது மீட்டருக்குள் இருக்கும் விஷயம். முள் சடாரென்று கடைசி எண்ணுக்குப் போய் அங்கேயே நின்றால், காந்தமும் கிண்ணமும் ஒட்டிக்கொண்டன என்று அர்த்தம். எண்ணெயோ கிரீஸோ ஏறியிருக்கும். முள் 20-க்கும் 40-க்கும் நடுவே நடுங்கிக்கொண்டே இருந்து, வேகம் பிடித்ததும் அடங்கினால், கம்பி காய்ந்திருக்கிறது அல்லது எங்கோ மடிந்திருக்கிறது. மார்கழிக் காலையில் வண்டி எடுத்ததும் டேஷ்போர்டுக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வந்து, பாளையங்கோட்டை தாண்டுவதற்குள் நின்றுவிடுகிறதா? காய்ந்த கம்பிதான். இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிட்டால் கேபிள் வாங்கவே வேண்டாம், கிரீஸோடு முடிந்துவிடும்.

கழற்றுவது

முதலில் பேட்டரியின் ஒரு டெர்மினலைக் கழற்றுங்கள். பழைய வண்டிகளில் டேஷ்போர்டுக்குப் பின்னால் இன்சுலேஷன் உதிர்ந்த வயர்கள் தொங்கும். மீட்டர் இருக்கும் இடம் மாடலுக்கு மாடல் மாறும். எப்படியானாலும் பின்னால் கையை விட்டால் வரிவரியாகக் கோடு வெட்டிய உருண்டை நட்டு ஒன்று தட்டுப்படும். கையாலேயே திருகிக் கழற்ற வேண்டியது. இறுகியிருந்தால் நட்டைச் சுற்றிப் பனியன் வேஸ்ட் சுற்றி, அதன்மேல் பிளேயரை மெதுவாகப் பிடியுங்கள். வெறும் பிளேயர் போட்டால் நட்டு நசுங்கி முட்டை வடிவாகிவிடும். அப்புறம் அது நேராக உட்காராது.

நட்டு கழன்றதும் கம்பியின் நுனியைப் பிடித்து மேலே இழுங்கள். முழுசாக வந்தால் அறவில்லை. பாதி வந்தால் மீதி கீழே இருக்கிறது. சில கேபிள்களில் ஒரு பக்கம் வாஷர் போல் ஒரு தடை இருக்கும். அவற்றில் கம்பி ஒரு பக்கமாக மட்டும்தான் வெளியே வரும். வம்பாக இழுக்காதீர்கள்.

கீழ்முனைக்கு வண்டிக்கடியில் போக வேண்டும். சர்வீஸ் ஸ்டேஷன் ரேம்ப் கிடைத்தால் நல்லது. வீட்டில் என்றால் ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள். ஹாலோ பிளாக்கும் செங்கலும் முட்டுக் கொடுக்க ஆகாது, சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். இரும்பு ஸ்டாண்டு அல்லது உடை மரத்தின் கனத்த கட்டை வையுங்கள். முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் தடை வைக்க மறக்க வேண்டாம். கீழ் நட்டு சேறும் எண்ணெயும் கட்டி நட்டு என்றே தெரியாமல் இருக்கும். மண்ணெண்ணெய் தொட்டு பிரஷ்ஷால் கழுவிவிட்டுத் திருகுங்கள். கழுவாமல் கழற்றினால் அந்த மண் முழுக்கப் பினியன் குழிக்குள் போய்விடும்.

அறுந்த துண்டைப் படியுங்கள்

எனக்கு இந்த வேலையில் பிடித்த பகுதி இதுதான். பழைய கம்பியைக் குப்பையில் எறியாமல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.

மேல்முனைக்குப் பக்கத்தில் முறுக்கி அறுந்திருந்தால், மீட்டரின் தண்டு இறுகியிருக்கிறது. கீழே பினியன் சுற்றியே தீரும், மேலே தண்டு வர மறுக்கும், நடுவில் கம்பி என்ன செய்யும்? பழைய கம்பியின் சதுர நுனியை ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். அதை மீட்டரின் பின்குழியில் வைத்து விரலால் உருட்டிப் பார்த்தால், தண்டு வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும். ஒரு திசையில் உருட்டினால் முள் லேசாகத் தூக்கிப் போடும். அதுதான் சரியான திசை. எங்கேனும் பிடித்தால் மீட்டரைச் சரிசெய்யாமல் புதுக் கேபிள் போடுவது வீண்.

நடுவில் அறுந்திருந்தால் அந்த இடத்தில் அவுட்டர் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். மடிந்திருக்கும், அல்லது சைலன்சர் குழாய்ச் சூட்டில் பிளாஸ்டிக் உருகியிருக்கும், அல்லது யாரோ கிளாம்பை நெரித்து முடுக்கியிருப்பார்கள். கீழ்முனை சதுரம் தேய்ந்து உருண்டையாகி இருந்தால் கம்பி நீளம் போதாமல் குழியில் பாதிதான் உட்கார்ந்திருக்கிறது.

கம்பி முழுக்க துரு என்றால் தண்ணீர் போயிருக்கிறது. சீசன் நேரத்தில் சாரலில் நாள் முழுக்க நின்ற வண்டிகளிலும், மழையில் தேங்கிய தண்ணீருக்குள் ஓட்டிய வண்டிகளிலும் இது வரும். திசையன்விளை, உடன்குடிப் பக்கம் தேரிக்காட்டில் ஓடுகிற ஜீப்புகளில் வேறு கதை. செம்மணல் உறைக்குள் புகுந்து கம்பியை அரைத்தே தேய்த்துவிடும். வெளியே எடுத்தால் கிரீஸ் சிவப்பாக இருக்கும்.

இன்னொன்று. கம்பியை இழுத்ததும் கியர் ஆயில் வழிந்து வந்தால் நில்லுங்கள். பினியனில் இருக்கும் ஆயில் சீல் போய்விட்டது. சுற்றுகிற கம்பி எண்ணெயை மேலே ஏற்றிக்கொண்டே போகும். அது மீட்டர் வரைக்கும் ஏறிக் கிண்ணத்தை நனைத்துவிடும். சீல் சில ரூபாய்ச் சாமான், மீட்டர் அப்படி இல்லை. சீலை மாற்றிவிட்டுத்தான் கேபிளைத் தொட வேண்டும்.

கம்பி முழுசாக வந்திருந்தால் அதையே மறுபடி போடலாமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. இரண்டு நுனியையும் இரண்டு கையில் பிடித்து, நடுப்பகுதி தொங்கும்படி விட்டு, ஒரு நுனியை விரல்களுக்கிடையே மெதுவாக உருட்டுங்கள். தொங்கும் வளைவு அசையாமல் நின்ற இடத்திலேயே சுற்ற வேண்டும். திடீர் திடீரென்று ஒரு பக்கம் துள்ளி விழுந்தால் கம்பியில் மடிப்பு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத மடிப்பையும் இது காட்டிக்கொடுக்கும். மடிந்த கம்பியை நிமிர்த்திப் போட்டாலும் முள் நடுக்கம் போகாது.

வாங்குவது, நீளம் பார்ப்பது

கடைக்குப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். "அம்பாசிடர் கேபிள்" என்று கேட்டால் ஒன்றை எடுத்துக் கொடுப்பார்கள்; அது உங்கள் வண்டிக்கானதாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அம்பாசிடர் 1950-களின் கடைசியில் தொடங்கி 2014 வரை மேற்கு வங்காளத்தின் உத்தரப்பாராவில் தயாரான வண்டி. இடையில் டேஷ்போர்டு மாறியது, 1990-களில் ஜப்பானின் இசுசு இன்ஜினோடு ஐந்து கியர் பாக்ஸும் வந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே நீளம் எப்படிச் சரிவரும்? பழைய கேபிளை உறையோடு எடுத்துப்போய் இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் நீட்டி வைத்துப் பாருங்கள். உறையின் நீளம், இரண்டு நட்டின் மரை, இரண்டு சதுரத்தின் தடிமன், இவ்வளவும் ஒத்துவர வேண்டும்.

நான் அதிகமாகப் பார்த்த குறை கம்பி நீளத்தில்தான் வரும். கீழ்முனை குழியில் முழுசாக உட்கார்ந்திருக்கும்போது, மேலே உறையின் வாயிலிருந்து கம்பி ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பழைய பிரிட்டிஷ் வண்டிகளின் கணக்கில் 3/8 அங்குலம். இதைவிட ரொம்ப நீண்டிருந்தால், நட்டை முடுக்கும்போது கம்பி மீட்டர் தண்டை உள்ளே நெட்டித்தள்ளும். சத்தம் வரும், முள் உதறும், சில மாதத்தில் மீட்டரின் புஷ், அதாவது தண்டைத் தாங்கும் வளையம், தேயும். குறைவாக இருந்தால் சதுரம் நழுவி நழுவி உருண்டையாகிவிடும். பாளையங்கோட்டைக்காரர் ஒருவர் புதுக் கேபிளோடு புது மீட்டரும் வாங்கிப் போட்டும் முள் உதறுகிறது என்று வந்தார்.

"மீட்டரு டூப்ளிகேட்டோ அண்ணாச்சி?"

"மீட்டர்ல கைய வைக்காதீய. மொதல்ல கம்பிய அளப்போம்."

அளந்தால் கம்பி ஒரு விரற்கடை அதிகம். கடையில் தயாராக வெட்டி வைத்திருந்தது அப்படியே வந்திருக்கிறது. அதைச் சரியான நீளத்துக்கு வெட்டியதும் முள் அமைதியானது.

உங்கள் மாடலுக்கான கேபிள் ஜங்ஷன், வண்ணார்பேட்டைக் கடைகளில் இல்லையென்றால் மதுரையில் கேளுங்கள். அங்கும் இல்லையென்றால் சென்னை ஜி.பி. ரோடு, அல்லது பழைய சாமான்களுக்குப் புதுப்பேட்டை. எங்கும் கிடைக்காவிட்டால் நீளமான கம்பி வாங்கி வெட்டி, ஒரு முனையில் சதுர நுனியை அழுத்திப் பிடிக்கவைக்கலாம். வெட்டும் முன் வெட்டப்போகும் இடத்தில் ஈயம் பற்றவைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வெட்டியதும் இழை இழையாகப் பிரிந்து போகும். சதுர நுனியை கேஸ் வெல்டிங் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்பேன். அந்தச் சூட்டில் எஃகின் வீரியம் போய், வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே அறும். இரண்டு சக்கர வண்டியின் மெல்லிய இன்னரைப் பெரிய உறைக்குள் போட்டு ஓட்டுவதும் தற்காலிகம்தான். உறைக்குள் இடம் அதிகமாகிக் கம்பி உள்ளேயே நெளியும்.

உறை குட்டையாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இழுத்துப் பிடித்து மாட்டிய கேபிள் இன்ஜின் குலுங்கும்போதெல்லாம் நட்டை இழுத்துக்கொண்டிருக்கும். கொஞ்சம் நீளமாக இருந்தால் பரவாயில்லை, பெரிய வளைவாக விட்டுச் சமாளிக்கலாம்.

கிரீஸ்

பழைய உறையையே வைத்துக்கொள்வதாக இருந்தால் அதைத் தொங்கவிட்டு மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி, பங்சர் கடைக் காற்றால் ஊதி, வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். நம் ஊர் வெயிலுக்கு ஒரு பகல் போதும்.

எண்ணெய் விடக் கூடாது. ஸ்ப்ரே டப்பாவை மேலே வைத்து அடிப்பதும் கூடாது. அது அன்றைக்குச் சத்தத்தை நிறுத்தும், அப்புறம் மீட்டருக்குள் போகும், அல்லது இருந்த கிரீஸையும் கரைத்துக் கீழே இறக்கிவிடும். வேண்டியது மெல்லிய கிரீஸ், அதுவும் விரலில் தொட்டுக் கம்பியில் பூசிய அளவு. ஜாயிண்டுகளுக்கு அடிக்கிற கெட்டி கிரீஸை அப்பினால் கம்பி சுற்ற சிரமப்படும்.

பூசும் முறைக்கு, அம்பாசிடரின் மூலமான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு கார் காலத்து பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பட்டறைக் கையேடுகள் சொல்வதைத்தான் நான் இன்றும் செய்கிறேன். கம்பி முழுக்க லேசாகப் பூசி உறைக்குள் விடுங்கள். கடைசி 8 அங்குலம், அதாவது 20 சென்டிமீட்டர், வெளியே இருக்கும்போது நிறுத்துங்கள். அந்தப் பகுதியில் இருக்கும் கிரீஸைத் துணியால் துடைத்துவிட்டு மீதியை உள்ளே தள்ளுங்கள். மேலே கொஞ்ச தூரம் கிட்டத்தட்ட வெறும் கம்பியாக இருக்கும். அதுதான் மீட்டருக்குப் பாதுகாப்பு. கிரீஸ் சுற்றிச் சுற்றித் தானாக மேலே வரும், நாம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டாம்.

பாதை போடுவது

கேபிளின் ஆயுள் இங்கேதான் தீர்மானமாகிறது. பட்டறைகளில் அவசரத்தில் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான். பழைய கேபிள் போன பாதையிலேயே புதியதையும் விடுவார்கள். அந்தப் பாதை முன்னால் வந்தவர் தன் வசதிக்குப் போட்டதாக இருக்கும்.

இரண்டு முனையிலும் நட்டிலிருந்து முதல் 5 சென்டிமீட்டர் நேராகப் போக வேண்டும். நட்டை விட்டு வெளியே வந்ததும் திரும்பினால் கம்பி உறையின் வாயில் உரசி அங்கேயே தேயும். வேறெங்கும் வளைவு 15 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறையக் கூடாது. இதை அளக்க டேப் வேண்டாம். வீட்டில் இருக்கும் பெரிய சாப்பாட்டுத் தட்டு 30 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். அதன் விளிம்பைவிட இறுக்கமாகக் கேபிள் எங்கும் திரும்பக் கூடாது, அவ்வளவுதான். எங்கே திரும்பினாலும் ஒரே ஒரு பெரிய வளைவாகத் திரும்பட்டும். எஸ் எழுத்து மாதிரி இரண்டு எதிர்வளைவு பக்கத்தில் பக்கத்தில் வந்தால் முள் நடுங்குவது உறுதி.

இன்ஜினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவிலுள்ள தகட்டில் கேபிள் நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையம் இருக்கிறதா பாருங்கள். பாதி வண்டிகளில் இருக்காது. தகட்டின் விளிம்பு உறையை அறுத்துக்கொண்டிருக்கும். மழைத்தண்ணீர் கால்பக்கம் வருவதும் அந்த ஓட்டை வழியாகத்தான். சைலன்சர் குழாயிலிருந்து ஒரு சாண் தள்ளியே போகட்டும். கிளட்ச் ராடு, அம்பாசிடரில் ஸ்டியரிங்கிலிருந்து இறங்கும் கியர் ராடுகள், இவை அசையும் தூரம் முழுக்க அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளாம்ப் போட வேண்டும். கிளாம்ப் உறையைத் தாங்கினால் போதும். விரலால் பிடித்து உறையை முன்னும் பின்னும் நகர்த்த முடிய வேண்டும். முடியாவிட்டால் நெரிக்கிறது என்று பொருள்.

கியர் பாக்ஸிலிருந்து பாடியில் வரும் முதல் கிளாம்ப் வரைக்கும் கேபிள் கொஞ்சம் தொய்வாக இருக்கட்டும். இன்ஜினும் கியர் பாக்ஸும் ரப்பர் மவுண்டிங்மேல் ஆடுகின்றன, பாடி ஆடுவதில்லை. மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறுகிற பாதையில் முதல் கியரில் குலுங்கிக்கொண்டு போன வண்டியில் இந்தத் தொய்வு இல்லாவிட்டால், திரும்பி வரும்போது நட்டு கழன்று கேபிள் தொங்கிக்கொண்டிருக்கும்.

மாட்டுவது

கீழ்முனையை முதலில் மாட்டுங்கள். சதுரம் குழியில் விழும்வரை மேலே கம்பியை விரலால் உருட்டிக்கொண்டே லேசாக அமுக்கினால் டக்கென்று இறங்குவது கைக்குத் தெரியும். இறங்காமலே நட்டை முடுக்கிவிட்டால் முதல் தடவை ஓட்டும்போதே நுனி நசுங்கிவிடும். நட்டைக் கையால் முடுக்கி, அதற்குமேல் பிளேயரால் ஒரு சின்னத் திருப்பு.

மேல்முனையை மாட்டும் முன் ஒரு சோதனை. கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டு (அது பின்சக்கரத்தைத்தானே பிடிக்கிறது), தரையில் இருக்கும் மற்ற சக்கரங்களுக்கெல்லாம் தடை வைத்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். யாரையாவது சக்கரத்தை மெதுவாகச் சுற்றச் சொல்லிவிட்டு மேலே கம்பியின் நுனியைப் பாருங்கள். நுனி சீராகச் சுற்ற வேண்டும். நின்று நின்று வெடுக்கென்று சுற்றினால் உள்ளே எங்கோ பிடிக்கிறது. பாதையை மறுபடி பாருங்கள்.

இதே சோதனையில் கம்பி எத்தனை சுற்று சுற்றுகிறது என்றும் எண்ணலாம். நுனியில் ஒரு துண்டு காகிதத்தைக் கொடி மாதிரி ஒட்டிக்கொண்டால் எண்ணச் சுலபம். ஒரு சக்கரம் மட்டும் தூக்கியிருப்பதால், இரண்டு பின்சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பகிரும் டிஃபரன்ஷியலால் கணக்கில் பாதி போய்விடும். தூக்கிய சக்கரத்தின் 2 சுற்றுதான், வண்டி ஓடும்போது சக்கரத்தின் 1 சுற்றுக்குச் சமம். இந்தக் குழப்பம் வேண்டாம் என்றால் வண்டியை இறக்கிச் சமதரையில் 10 மீட்டர் தள்ளி எண்ணுங்கள். பல பழைய மீட்டர்களின் முகத்தில் கீழே பொடி எழுத்தில் ஒரு நான்கு இலக்க எண் இருக்கும். மைல் மீட்டரில் 1000 என்று இருந்தால், ஒரு மைலுக்குக் கம்பி 1000 சுற்றுச் சுற்ற வேண்டும் என்பது கணக்கு. கிலோமீட்டருக்கு அது ஏறத்தாழ 621. 10 மீட்டருக்கு 6 சுற்றும் கொஞ்சமும். உங்கள் எண்ணிக்கை இதிலிருந்து நிறைய விலகினால் மீட்டர் வேறு வண்டியினுடையது, அல்லது கியர் பாக்ஸ் வேறு. பழைய மார்க் மாடல் அம்பாசிடரில் இசுசு இன்ஜினும் ஐந்து கியரும் இறக்கியவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கேபிளை எத்தனை முறை மாற்றினாலும் அந்தத் தப்பு போகாது.

பிறகு மேல் நட்டு, பேட்டரி டெர்மினல். அவ்வளவுதான்.

சாலையில் சரிபார்ப்பது

கைப்பேசியில் வேகம் காட்டும் செயலிகள் வந்துவிட்டன, அதை வைத்தும் பார்க்கலாம். எனக்குக் கிலோமீட்டர் கல்தான் பிடிக்கும். முன்பு என்.எச். 7 என்று சொன்ன, இப்போது 44 ஆகிவிட்ட நாற்கரச் சாலையில் நாங்குநேரி தாண்டி வள்ளியூர் போகும் வழி நேராகக் கிடக்கும். பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து, முள்ளை 60-ல் நிறுத்தி, மஞ்சள் தலைக் கல்லிலிருந்து அடுத்த கல் வரைக்கும் நேரம் பார்க்கச் சொல்லுங்கள். 60 விநாடி என்றால் மீட்டர் சரி. 66 விநாடி ஆனால் நீங்கள் உண்மையில் போனது 54 கிலோமீட்டர் சொச்சம்; மீட்டர் கூட்டிக் காட்டுகிறது. ஆடி மாதம் இந்தச் சோதனையைப் பணகுடி, காவல்கிணறு பக்கம் வைத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் காற்றில் அம்பாசிடரை ஒரே வேகத்தில் பிடிக்க முடியாது.

முள்ளோடு நிறுத்தாமல் 10 கல் தூரத்துக்கு எண் எவ்வளவு புரள்கிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். எண் சரி, முள் மட்டும் தப்பு என்றால் மீட்டரின் காந்தமோ வில்லோ தளர்ந்திருக்கிறது. இப்போது தாராளமாக மீட்டர் ரிப்பேர்காரரிடம் போகலாம். இரண்டும் ஒரே விகிதத்தில் தப்பு என்றால் கீழேயுள்ள பினியன் அல்லது டயர். 5.90-15 நைலான் டயரைக் கழற்றிவிட்டுக் குள்ளமான ரேடியல் போட்டவர்களுக்கு இது சகஜம். சக்கரம் சின்னதானால் அதே தூரத்துக்கு அதிகமாகச் சுற்றும், மீட்டரும் அதிகமாகத்தான் காட்டும்.

ஒரு வாரம் ஓட்டிவிட்டுக் கீழ் நட்டைத் தொட்டுப் பாருங்கள். புதிதாக எண்ணெய் ஈரம் இருந்தால் சீல் சரியாக உட்காரவில்லை. நட்டு தளர்ந்திருந்தால் கையால் இன்னொரு திருப்பு. வாங்கும்போது இன்னர் ஒன்று கூடுதலாக வாங்கியிருந்தால், அதைத் தட்டளவு வட்டமாகச் சுற்றி மூன்று இடத்தில் நூல் கட்டி, எண்ணெய்க் காகிதத்தில் மடித்து டிக்கியில் ஸ்டெப்னிக்குமேல் போட்டு வையுங்கள். சின்ன வட்டமாகச் சுற்றினால் டிக்கியில் இருக்கும்போதே மடிப்பு விழுந்துவிடும்.